நீர் மாத்திரையின் பணி நிறைவு விழா

ஊஞ்சமேட்டில் ஒரு மாத்திரையை நிறுத்த வேண்டுமென்றால் அதற்குப் பணி நிறைவு விழா எடுத்தாக வேண்டும். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து போன்றவை தினக்கூலிகள். வேலை முடிந்ததும் அவை பாட்டுக்குப் போய்விடும். நெஞ்சுக்காகச் சேர்ந்த மாத்திரைகள் அப்படியல்ல. அவை நிரந்தரப் பணியாளர்கள். அட்டையில் எத்தனை இருந்தாலும் பணியிடம் ஒன்றுதான். அன்றைக்கு அட்டையில் முன்னால் இருக்கும் மாத்திரை அந்த இடத்தில் உட்காரும். மேலதிகாரி இருதயம். மாத்திரைக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசி, அதை இருதயம் நேரில் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் ஓய்வு செல்லும். இருதயத்துக்குக் காது கேட்க வேண்டும் என்பதற்காக, விழாவின்போது சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிடுவார்கள். பெண்களென்றால் மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைப்பார்கள்.

சென்னியப்பனின் நீர் மாத்திரை வேலைக்குச் சேர்ந்தது ஒரு மழைக்காலத்தில். அப்போது அவருடைய கால்கள் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தன. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைமேல் தலையணையாக அடுக்கிப் பார்த்து, கடைசியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். ஆஸ்பத்திரியில், இருதயத்துக்கு இறைக்கும் தெம்பு குறைந்துபோனதால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார்கள். நீர் மாத்திரை வந்தது. வந்த கையோடு மடையைத் திறந்துவிட்டது. கால் வடிந்தது, மூச்சு திரும்பியது, தலையணைகள் ஒவ்வொன்றாகப் பீரோவுக்குப் போயின. அவருடைய மனைவி பாவாயம்மாள் அன்றிலிருந்து அந்த மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

சங்கடம் என்னவென்றால், தேங்கிய தண்ணீரெல்லாம் போன பிறகும் மாத்திரை வேலையை விடவில்லை. கடமை தவறாத மாத்திரை அது. இறைக்கத் தண்ணீர் இல்லையென்றால் எங்கிருந்தாவது எடுத்து இறைத்தது. சென்னியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. துவைக்கிற கல் பக்கம் ஒருமுறை விழுந்தார். வாசல் கேட்டைத் திறக்கப் போய் அதோடு சரிந்தார். பொழுதில் பாதி கழிப்பறைக்கு ஓடுவதிலேயே போனதால் விழுவதற்கு வாய்ப்புகளும் ஏராளமாக இருந்தன. பாவாயம்மாள் அவருடைய அரைஞாண் கயிற்றில் ஒரு விரலைக் கோர்த்துக்கொண்டு பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள். கல்யாண ஊர்வலத்தில்கூட அவர்கள் இவ்வளவு நெருக்கமாக நடந்ததில்லை.

அவளுக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. மாத்திரை இருந்தால் விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்திருப்பது சுலபமல்ல. மாத்திரை போனால் தண்ணீர் திரும்பி வரும். அந்த மழைக்கால மூச்சை இன்னொரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவளால் முடியாது. எப்படிப் பார்த்தாலும் போவது அவராகத்தான் இருந்தது.

டாக்டர் மைதிலி அவசரப்படாத ஆள். சென்னியப்பனைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்தும் பார்த்தார். நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கியது. கழுத்து நரம்பைக் கவனித்தார், கணுக்காலை அமுக்கினார், முதுகில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு நீர் மாத்திரையைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க ஓய்வு பெறலாம்னு நினைக்கிறேன்.”

மாத்திரை டாக்டரை நிமிர்ந்து பார்த்தது.

“ஆனா ஒரேயடியா வேண்டாம். மொதல்ல பாதி வேலை. நல்லபடியா போச்சுன்னா விழா வெச்சுக்கலாம். தெனமும் காலைல எந்திரிச்சுக் கழிப்பறை போயிட்டு வந்ததும், காப்பிக்கு முன்னாடி, எடை பாக்கணும். எடை மடமடன்னு ஏறினாலோ, கால் வீங்கினாலோ, கூட ஒரு தலையணை கேட்டாலோ அன்னிக்கே எனக்குச் சொல்லணும்.”

“சொல்றனுங்க அம்மிணி,” என்றாள் பாவாயம்மாள்.

அப்போது பாவாயம்மாள் கொண்டுவந்த டப்பாவிலிருந்த இன்னொரு மாத்திரை, துடிப்பைப் பிடித்து நிதானப்படுத்தும் மாத்திரை, தானும் விருப்ப ஓய்வில் போக ஆசைப்படுவதாகச் சொன்னது. நீர் மாத்திரைக்குக் கிடைத்தால் தனக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் கட்சி.

“உங்களுக்குக் கிடையாது,” என்றார் டாக்டர். “நீங்க திடீர்னு கெளம்பினா இருதயம் தறிகெட்டு ஓடும். இவரு இருதயம் ஓரளவு தேறியிருக்குன்னா அதுக்குக் காரணமே நீங்களும், டப்பாவுல உங்க பக்கத்து அறையில இருக்கிற மாத்திரையும்தான். தேறிடுச்சுன்னு நெனச்சு உங்களை அனுப்பறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.”

அது முணுமுணுத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பாதி வேலைக் காலம் பிரமாதமாகப் போனது. பாவாயம்மாள் காலையில் எடை மிஷினைக் கூடத்தில் வைப்பாள், சென்னியப்பன் ஏறி நிற்பார், அவள் குனிந்து பார்த்து அவருடைய நெஞ்சுக்கு நேராக எண்ணை உரக்கச் சொல்வாள். மேலதிகாரிக்குத் தெரிய வேண்டுமல்லவா. எடை அசையவில்லை. டாக்டர் விழாவுக்குச் சம்மதித்தார்.

இங்கேதான் சென்னியப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கூட்டுறவு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துரை சென்னியப்பன்தான். கேட்டவர் கண்ணில் தண்ணீர் வராமல் அவர் மைக்கை விட்டதில்லை. ஓய்வு பெறுபவர் வேலைக்கே ஒழுங்காக வராத ஆளாக இருந்தாலும் சரி, ஆலையின் தூண் என்பார், ஆணிவேர் என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “இவர் போன பிறகு நாளைக் காலை இந்த ஆலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை” என்று முடிப்பார். மறுநாள் காலை ஆலை வழக்கம்போல நடக்கும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மேடையில் அப்படித்தான் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இருதயத்துக்குத் தெரியாது. அந்த விழாக்களிலெல்லாம் அவர் பொத்தானைப் போட்டிருந்தார்.

விழா கூடத்தில் நடந்தது. நீர் மாத்திரையை ஒரு சாசரில் பஞ்சு வைத்து உட்காரவைத்தார்கள். பொன்னாடையின் ஜரிகை ஓரத்தை நகமளவு வெட்டிப் போர்த்தினார்கள். மாலைக்கு ஒரே ஒரு மல்லிகை மொட்டு. மற்ற மாத்திரைகள் அடுத்த வரிசையில் இருந்தன. தெருக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டார்கள். சாசர் பக்கம் மட்டும் யாரும் தண்ணீர் டம்ளரைக் கொண்டுபோகவில்லை. அந்த மரியாதை ஊஞ்சமேட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

சென்னியப்பன் பொத்தான்களைக் கழற்றினார், தொண்டையைக் கனைத்தார், ஆரம்பித்தார். நீர் மாத்திரை இந்த உடலின் தூண் என்றார். ஆணிவேர் என்றார். பெரிய பெரிய மாத்திரைகளெல்லாம் கைவிட்ட இடத்தில் தனி ஆளாக நின்றது என்றார். துடிப்பு மாத்திரை நெளிந்தது. பாவாயம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் புருஷன் மேடையில் பேசும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இவர் போன பிறகு நாளைக் காலை இந்த இருதயம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சென்னியப்பன் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் இருதயம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பாவாயம்மாள் டப்பாவைத் திறந்தாள். நீர் மாத்திரை பொன்னாடையோடு தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“கூப்பிட்டாங்க. வந்துட்டேன்,” என்றது.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். எடை பார்த்தார், ஏறவில்லை. கணுக்காலை அமுக்கினார், குழி விழவில்லை. முதுகில் குழல் வைத்தார், நுரையீரல் சுத்தமாக இருந்தது. நெஞ்சில் கம்பி ஒட்டித் துடிப்பையும் ஈ.சி.ஜி. படம் எடுத்துப் பார்த்தார், அதிலும் கோளாறு இல்லை.

“தண்ணி இல்லீங்க. பயம்,” என்றார். “அவரு இல்லாம எப்படி நடக்கும்னு தெரியலைன்னு இவரே சொன்னா, இருதயம் என்ன பண்ணும்? பணி நீட்டிப்புக் குடுத்துடுச்சு.”

“மரியாதைக்குச் சொன்னதுங்க டாக்டர்,” என்றார் சென்னியப்பன்.

“அதுக்கு அது தெரியாதுங்க. உள்ளதை மட்டும் சொல்லுங்க.”

அடுத்த விழாவுக்காக அவர் உள்ளதை மட்டும் சொல்லிப் பழகினார். கண்ணாடி முன்னால் நின்று ஆரம்பிப்பார். “இந்த மாத்திரை நல்ல மாத்திரை,” என்பார். அதுவரைக்கும் சரி. அடுத்த வாக்கியத்தில் தூண் வந்துவிடும். தூணைப் பிடித்து நிறுத்தினால் ஆணிவேர் வந்துவிடும். ஆயுள் முழுக்கப் பழகிய வாய், என்ன செய்வது. அப்படி ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே, குரலைத் தாழ்த்துகிற இடம் வந்தபோது, கண் இருட்டிக் கீழே விழுந்தார். பாவாயம்மாள் அடுப்படியில் இருந்தாள். ஓடிவந்து பார்த்தபோது நெற்றி பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

தையல் போட்டுக் கட்டுக்கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, நான் பேசறனுங்க.”

“நீயா? உனக்கு மைக்கப் புடிக்கவே தெரியாதே பாவாயி.”

“புடிக்காமயே பேசறனுங்க. நீங்க வாயத் தொறக்காம உக்காந்துட்டு இருந்தாப் போதும்.”

சென்னியப்பனுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் நெற்றியில் தையல் இருந்ததால் ஒத்துக்கொண்டார். மாத்திரை மறுபடியும் பாதி வேலைக்குப் போனது, எடை மறுபடியும் அசையாமல் நின்றது, டாக்டர் மறுபடியும் சரி என்றார்.

இரண்டாவது விழாவுக்கு அவ்வளவு கூட்டமில்லை. டாக்டர் வந்திருந்தார், எதிர்வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், மிக்சர் மிஞ்சியது. நீர் மாத்திரை அதே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு சாசரில் உட்கார்ந்தது. பாவாயம்மாள் சென்னியப்பனின் பொத்தான்களைத் தானே கழற்றினாள். அவருடைய நெஞ்சைப் பார்த்து நின்றுகொண்டாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லீங்க. இந்த மாத்திரை வந்தப்போ இவரு மூச்சுக்குத் தவிச்சுட்டுக் கெடந்தாரு. வந்து தண்ணிய எறைச்சுது. அன்னிக்கு இது இல்லீன்னா இன்னிக்கு இவரு இல்லீங்க. அது நெசம். இப்ப எறைக்கறதுக்குத் தண்ணி இல்லீங்க. அதுவும் நெசம். இல்லாத தண்ணிய எறைச்சா மனுசன்தான் காஞ்சு போவாரு.”

மாத்திரையைத் திரும்பிப் பார்த்தாள். அது தலையைக் குனிந்திருந்தது. பிறகு மறுபடியும் நெஞ்சுக்கு நேராகத் திரும்பினாள்.

“இது போனா நாளைக்கு எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். காலைல எந்திரிச்சதும் எடை பாப்பேன். உங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுவேன். காலை அமுக்கிப் பாப்பேன். உப்பக் கொறைச்சுத்தான் போடுவேன், இவரு என்ன கத்துனாலும். எடை ஏறுச்சுன்னா டாக்டரம்மாவுக்குச் சொல்லிருவேன். தண்ணி மறுக்கா வந்துச்சுன்னா இதையே மறுக்கா கூப்புட்டுக்கலாம், அதுல வெக்கம் ஒண்ணும் இல்லீங்க. மத்ததெல்லாம் இங்கதான் இருக்குது. எதும் போகல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் கைதட்டப் போனார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது. பயந்துக்கிட்டேதான் பாத்துக்கறேன். நீங்களும் அப்படியே நடந்துக்கங்க.”

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் சென்னியப்பனின் சட்டையைப் பார்த்தார்கள். இருதயம் யோசித்தது. யோசிக்கும்போது அது கொஞ்சம் இடைவெளி விட்டு அடிக்கும். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். பிறகு அது ஒரே சீராக நடக்க ஆரம்பித்தது.

“ஒப்புக்கிச்சு,” என்றார் டாக்டர்.

நீர் மாத்திரைக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. அழுதால் கரைந்துவிடும். துடிப்பு மாத்திரைதான் எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லா மாத்திரைகளும் சேர்ந்து அதை ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய், ஜன்னலோர இடமாகப் பார்த்து ஏற்றிவிட்டுத் திரும்பின. பாவாயம்மாள் கூடப் போனாள். பஸ் கிளம்பும்போது, “உடம்பப் பாத்துக்குங்க,” என்று அதனிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் எடை அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். அந்த வாரம் பூராவும் அவள் கணுக்காலை அமுக்கி அமுக்கி, சென்னியப்பன் கூச்சத்தில் நெளிந்தார். குழி விழவில்லை. ஒரே தலையணையில் குறட்டை விட்டார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், ஆனால் எடை பார்ப்பதை விடக்கூடாது என்றும் சொன்னார். விடுவதாக அவளுக்கு உத்தேசமே இல்லை.

ஒருநாள் சென்னியப்பன் கட்டிலிலிருந்து எழுந்தார். எழுந்து நின்றார். பாவாயம்மாளின் விரல் தானாக அரைஞாண் கயிற்றுக்குப் போனது. அவர் தள்ளாடவில்லை. நின்றபடியே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், வாசலுக்கு நடந்தார். அவள் விரல் கயிற்றிலிருந்து நழுவியது. அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் திறந்து டீக்கடைக்குப் போனார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். துக்கத்தில் அழவில்லை. நெடுநாள் கழித்து அவளுடைய கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பந்தியில் பாயசம் வரைக்கும் உட்கார்ந்து, ஒருமுறைகூடக் கழிப்பறை எங்கே என்று கேட்காமல், சென்னியப்பன் சாப்பிட்டு முடித்தார். அப்பளத்தை மட்டும், உப்பு ஆகாதென்று, அவள் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையை வாழ்த்திப் பேசச் சொன்னபோது அவர் மைக்கை வாங்கி, “நல்ல பையன்னு சொல்றாங்க, பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெண்வீட்டாருக்கு அது பிடித்திருந்தது.

தை மாதம் ஓர் அழைப்பிதழ் வந்தது. நீர் மாத்திரை சத்தியமங்கலம் ரோட்டில் சின்னதாக வீடு கட்டியிருந்தது, புதுமனை புகுவிழா. அழைப்பிதழ் இருதயத்தின் பேருக்கு மட்டும் வந்திருந்தது. போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று இருதயம் நினைத்தது. பாவாயம்மாள் டாக்டருக்குப் போன் செய்தாள்.

“தாராளமா போயிட்டு வரட்டும்,” என்றார் டாக்டர். “திரும்பி வர்ற வரைக்கும் யாராவது கூடுதல் பொறுப்பு எடுத்துக்கணும், அவ்வளவுதான்.”

“நானே பாத்துக்கறனுங்க அம்மிணி.”

காலை பஸ்ஸில் இருதயம் கிளம்பியது. பாவாயம்மாள் சென்னியப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய இருதயம் இரண்டு பேருக்குமாக அடித்தது. முதலில் கொஞ்சம் தடுமாறியது, பிறகு பிடிபட்டுவிட்டது.

“கஷ்டமா இருக்குதா புள்ளே?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“ரெண்டு அடுப்புலயும் பால் வெச்ச மாதிரி இருக்குதுங்க. கண்ணு பூரா அங்கயே இருக்கோணும், வேற ஒண்ணுமில்லை.”

அவர் பேப்பர் படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருவருக்குமாக மூச்சு வாங்கினாள். மத்தியானம் போன் அடித்தது. சத்தியமங்கலத்திலிருந்து யாரோ பேசினார்கள். பூஜை தாமதம், பந்தி இனிமேல்தான் ஆரம்பிக்கிறது, இருதயம் கிளம்பட்டுமா என்று கேட்கச் சொன்னதாகச் சொன்னார்கள்.

“அவசரமில்லீங்க,” என்றாள் பாவாயம்மாள். “சாப்புட்டுட்டு மெதுவா வரச் சொல்லுங்க.”